நெய் மைசூர்பாகும் கடலை மிட்டாயும்: விவசாயி வீட்டுச் சத்துக் கணக்கு

தீபாவளி நெருங்கினால் திருப்பூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் போனஸ் பட்டுவாடா நடக்கும். பணத்தோடு ஓர் இனிப்புப் பெட்டியும் தொழிலாளர் கைக்கு வந்து சேரும். அவிநாசி, பல்லடம், காங்கயம், ஊத்துக்குளி பக்கத்துக் கிராமங்களில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்துப் பாடுபடும் பல குடும்பங்களில் மகனோ மகளோ கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். ஆகவே அந்தப் பெட்டி தோட்டத்துச் சாளை வரைக்கும் வந்துவிடுகிறது. பெட்டியில் நெய் மணக்கும் மைசூர்பாகு இருந்தால் அதற்குத் தனி மரியாதை. "நெய்ப் பண்டம், நல்ல சத்து, பிள்ளைகளுக்குக் கொடு" என்று பெரியவர்கள் எடுத்து வைப்பதும் உண்டு.

நெய்யில் சத்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது என்ன சத்து, யாருடைய உடம்புக்கு எவ்வளவு தேவை என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில், அதே ஐப்பசி மாதத்தில்தான் ஆடிப் பட்டத்தில் விதைத்த நிலக்கடலையும் பிடுங்கப்பட்டுக் களத்துக்கு வருகிறது. வீட்டில் விளைந்ததை மூட்டையாகக் கட்டி விற்றுவிட்டு, கடைப் பண்டத்தைச் சத்து என்று நம்பி வாங்குவது லாபமா, நஷ்டமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அரண்மனைப் பண்டம்

மைசூர்பாகு மைசூர் அரண்மனைச் சமையற்கட்டில் பிறந்த பண்டம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1894 முதல் 1940 வரை ஆண்ட நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், காகாசுர மாதப்பா என்ற சமையற்காரர் கடலை மாவு, சர்க்கரை, நெய் மூன்றையும் சேர்த்துக் கிளறி இதை உண்டாக்கினார் என்கிறார்கள். கொங்கு நாட்டில் இதை வாயில் போட்டால் கரையும்படி, நெய் கூட்டி, மெதுவாகச் செய்யும் முறை பரவியது. கோயம்புத்தூரில் 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் கடையின் 'மைசூர்பா' இந்த முறைக்குப் பேர்போனது.

அரண்மனையில் உண்டது நாள் கிழமைகளில், ஓரிரு துண்டு. இன்று அது பெட்டி பெட்டியாக வீடு தேடி வருகிறது. மாறியது பண்டமல்ல, அளவுதான்.

ஒரு துண்டில் என்ன இருக்கிறது?

நெய் மைசூர்பாகுக்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் அளவு, ஒரு பங்கு கடலை மாவுக்கு இரண்டு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு நெய். அதாவது 100 கிராம் மாவு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் நெய். இதில் கிடைக்கும் அரைக் கிலோவை 40 கிராம் துண்டுகளாகப் போட்டால், ஒரு துண்டில் 16 கிராம் நெய், 16 கிராம் சர்க்கரை, 8 கிராம் கடலை மாவு இருக்கும். நெய் வடிவதாலும் பாகின் பதத்தாலும் இந்த அளவு சிறிது முன்பின் ஆகலாம்.

உணவுப் பொருள்களின் சத்தை அளந்து அட்டவணை போட்டிருப்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இது 1918இல் நம் பக்கத்துக் குன்னூரில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவாகத் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. அதன் அட்டவணைப்படி 100 கிராம் நெய்யில் 900 கலோரி சக்தி உள்ளது. சர்க்கரையில் சுமார் 400 கலோரி. கடலைப் பருப்பில் 372 கலோரியும் 20.8 கிராம் புரதமும் உண்டு.

இந்தக் கணக்கில் ஒரு துண்டு மைசூர்பாகு சுமார் 240 கலோரி தருகிறது. ஆனால் அதில் உள்ள புரதம் ஒன்றே முக்கால் கிராம்கூட இல்லை. இரும்புச் சத்து அரை மில்லி கிராமுக்கும் குறைவு. சுண்ணாம்புச் சத்து பேருக்குத்தான். நெய்யில் உயிர்ச்சத்து 'ஏ' ஓரளவு உண்டு என்பதை மட்டும் அதன் கணக்கில் வரவு வைக்கலாம்.

சுருங்கச் சொன்னால், மைசூர்பாகு அடுப்புக்கு விறகு போன்றது. விறகு நன்றாக எரியும், சூடும் கொடுக்கும். ஆனால் விறகை வைத்துச் சுவர் கட்ட முடியாது. வளரும் பிள்ளைக்கு எலும்பும் சதையும் இரத்தமும் ஊற வேண்டுமானால் புரதமும் சுண்ணாம்பும் இரும்பும் வேண்டும். அவற்றை இந்தப் பண்டத்தில் தேடிப் பயனில்லை.

பாலின் புரதம் எங்கே போயிற்று?

நெய் பாலிலிருந்து வருவதுதானே, பாலில் உள்ள சத்தெல்லாம் நெய்யில் இருக்காதா என்று கேட்கலாம். வெண்ணெய்க்குப் பேர்பெற்ற ஊத்துக்குளி வட்டாரத்தாருக்கு இதற்கு விடை நன்றாகவே தெரியும்.

பசும்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 100க்கு 4 பங்கு. எருமைப்பாலில் 7 பங்கு. ஆகவே ஒரு கிலோ நெய் காய்ச்ச, பசும்பாலானால் சுமார் 25 லிட்டரும் எருமைப்பாலானால் சுமார் 15 லிட்டரும் வேண்டும். தயிரைக் கடைந்து வெண்ணெயைத் திரட்டும்போது கொழுப்பு மட்டுமே மேலே வருகிறது. புரதமும் சுண்ணாம்பும் மோரிலேயே நின்றுவிடுகின்றன. வெண்ணெயை உருக்கும்போது எஞ்சியிருந்த சிறிதளவு புரதமும் கசண்டாகி அடியில் தங்கிவிடுகிறது. வடித்த நெய் முழுக்க முழுக்கக் கொழுப்புதான்.

ஒரு துண்டு மைசூர்பாகில் உள்ள 16 கிராம் நெய்க்கு ஏறக்குறைய 400 மில்லி பசும்பால் வேண்டும். அந்த 400 மில்லி பாலை அப்படியே ஒரு பிள்ளை குடித்தால் சுமார் 13 கிராம் புரதமும் 480 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்தும் கிடைத்திருக்கும். வெண்ணெய் எடுத்து விற்கும் வீடுகளில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை, மோரை வீட்டார் குடித்தால். வெண்ணெயையும் விற்று, மோரையும் வீணாக்கினால்தான் நஷ்டம்.

செக்கிலும் இதே கதைதான். நிலக்கடலையை ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம் வருகிறது. புரதம் புண்ணாக்கோடு போகிறது. கறவை மாட்டுக்குப் புண்ணாக்கை நிறுத்திவிட்டுப் பால் குறையாமல் இருக்குமா? புண்ணாக்கின் அருமை மாட்டுக்காரருக்குத் தெரியும். மாட்டுக்குப் பார்த்துப் பார்த்து வைக்கும் அந்தப் புரதம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும்

எண்ணெயைப் பிரிக்காமல், கடலையை முழுசாகவே உண்ணும் பண்டம் கடலை மிட்டாய். இரண்டு பங்கு வறுத்த நிலக்கடலைப் பருப்புக்கு ஒரு பங்கு வெல்லம் என்று வைத்துக்கொள்வோம். நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம், 40 கிராம் கொழுப்பு, 567 கலோரி உள்ளன. எனவே மைசூர்பாகைப் போல 40 கிராம் எடையுள்ள ஒரு துண்டு கடலை மிட்டாயில் சுமார் 200 கலோரியும் ஏறக்குறைய 7 கிராம் புரதமும் ஒரு மில்லி கிராம் இரும்பும் இருக்கும். மைசூர்பாகைவிடச் சக்தி சற்றே குறைவு. புரதம் நான்கு மடங்கு. இதில் உள்ள கொழுப்பும் பெரும்பகுதி நெய்க் கொழுப்பைப் போல உறையும் வகையைச் சேர்ந்ததல்ல.

அதே அளவில் எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்த 40 கிராம் எள்ளுருண்டையில் 200 கலோரியும் சுமார் 5 கிராம் புரதமும் உள்ளன. இரும்பு 2.8 மில்லி கிராம். சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 400 மில்லி கிராம். தோல் நீக்காத எள்ளில்தான் இவ்வளவு சுண்ணாம்பு உண்டு. ஆனால் அந்தத் தோலிலேயே உடம்பு சத்தை ஏற்கவிடாமல் தடுக்கும் சில அமிலங்களும் இருப்பதால், கணக்கில் உள்ளது முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடாது. வறுப்பதால் இந்தத் தடை ஓரளவு குறையும்.

வெல்லத்தில்தான் இரும்பு நிறைய இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு துண்டில் சேரும் 13 கிராம் வெல்லம் தருவது கால் மில்லி கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவே. எள்ளுருண்டையின் இரும்பு எள்ளிலிருந்து வருகிறது.

இந்தப் பண்டங்களை ஏழைப் பண்டம் என்று இனி யாரும் தள்ள முடியாது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

யாருக்கு எவ்வளவு?

மண்வெட்டி பிடித்து நாள் முழுதும் பாடுபடும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை என்று 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்கிட்டது. உட்கார்ந்த வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1,660 கலோரி போதும். மூன்று துண்டு மைசூர்பாகில் சுமார் 700 கலோரி வந்துவிடுகிறது. காட்டில் பாத்தி கட்டும் தகப்பனுக்கு அது ஒருநாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. தையல் மிஷின் முன்னோ செக்கிங் மேசையிலோ பகல் முழுதும் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு அது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். ஒரே பெட்டிதான், இரண்டு உடம்புக்கும் கணக்கு வேறு.

சர்க்கரைக்கும் வரம்பு உண்டு. பண்டத்திலும் காபி, தேநீரிலும் சேரும் சர்க்கரை ஒருநாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று ஆகிறது. மூன்று துண்டு மைசூர்பாகில் 48 கிராம் சர்க்கரை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கிராமத்துக்கும் இந்த நோய் வந்துவிட்டது.

மறுபக்கம், 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்த சோகை. காலையில் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு வேன் ஏறி, பத்து மணிக்கு ஒரு தேநீரும் பன்னும், மாலையில் இன்னொரு தேநீர் என்று நாளை ஓட்டும் பெண்ணுக்குச் சோர்வு வருவதில் வியப்பில்லை. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதமும் 29 மில்லி கிராம் இரும்பும் வேண்டும். ஓர் எள்ளுருண்டை இரும்புத் தேவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒரு கடலை மிட்டாய் புரதத் தேவையில் ஏழில் ஒரு பங்கு. கம்பெனிக்குப் போகும் பெண்ணின் சாப்பாட்டுப் பையில் இவற்றில் ஒன்று இருப்பது நல்லது. தேநீரோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டு, கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரத்த சோகை முற்றியவருக்கு எள்ளுருண்டை மருந்தாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்து, கொடுக்கும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு வெல்லமும் சர்க்கரையே. 'நாட்டுச் சர்க்கரைதானே' என்று ஏமாறக் கூடாது. அவர்களுக்கு இனிப்பில்லாத வறுத்த கடலையே ஏற்றது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. பொடித்தே கொடுக்க வேண்டும். சிலருக்குக் கடலையோ எள்ளோ ஒவ்வாமையை உண்டாக்கும். அவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

விளைச்சலில் வீட்டுப் பங்கு

சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலையும், முத்தூரில் எள்ளும் ஏலம் போகின்றன. விலை நன்றாக இருக்கும் நாளில் வண்டியில் உள்ள அத்தனையும் விற்றுவிடத் தோன்றுவது இயல்பு. ஆனால் விதைக்கு எடுத்து வைப்பது போல வீட்டுக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும். அது எவ்வளவு?

நான்கு பேர் உள்ள வீட்டில், ஆளுக்கு 40 கிராம் வீதம் வாரத்தில் நான்கு நாள் கடலை மிட்டாய், இரண்டு நாள் எள்ளுருண்டை என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்குக் கடலைப் பருப்பு 22 கிலோ, எள் 11 கிலோ, வெல்லம் 17 கிலோ போதும். 100 கிலோ காய்க்கு 70 கிலோ பருப்பு கிடைப்பதாகக் கொண்டால், 32 கிலோ காய் எடுத்து வைத்தால் சரியாகிவிடும். ஓர் ஏக்கர் கடலைக் காட்டில் இது சிறு பங்குதான். எள் விதைக்காதவர்கள் கடலையையே கூடுதலாக வைக்கலாம்.

பூஞ்சணம் பிடித்த கடலை வேண்டாம்

எடுத்து வைக்கும் கடலை சுத்தமாக இருக்க வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து, அதில் 'அஃப்ளாடாக்சின்' என்ற நச்சு உண்டாகியிருந்ததே காரணம் என்று பின்னர் கண்டார்கள். இந்த நச்சு கல்லீரலைக் கெடுக்கும். நாள்பட்டால் புற்றுநோய்க்கும் காரணமாகும். வறுத்தாலும் முழுவதும் போகாது. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் இதன் கூறு இறங்கும்.

எனவே, பிடுங்கிய காயை ஈரத்தோடு குவித்து வைக்கலாகாது. ஈரம் 100க்கு 8, 9 பங்குக்கு இறங்கும் வரை காய வைக்க வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரியும். அதுவே பதம். உடைப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குவது நல்லது. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் படிந்தது, வண்டு துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவற்றை மாட்டுக்கும் போடக் கூடாது.

செய்யும் முறை

கடலைப் பருப்பை இளந்தீயில் வறுத்துத் தோலைப் புடைத்து எடுக்க வேண்டும். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிப் பாகு காய்ச்ச வேண்டும். தண்ணீரில் விட்ட பாகு உருண்டு, தட்டில் போட்டால் 'டங்' என்று ஓசை எழுந்தால் பதம். உடனே பருப்பைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் தட்டிவிட வேண்டும். எள்ளுருண்டைக்குப் பாகே வேண்டாம். கல் நீக்கி, கழுவிக் காய வைத்த எள்ளைப் படபடவென்று பொரியும் வரை வறுத்து, வெல்லத்தோடு உரலில் இடித்தால் எண்ணெய் கசிந்து தானே உருண்டை பிடிக்க வரும். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் இரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கக் கூடும். கவுந்தப்பாடி, நெய்க்காரப்பட்டிச் சந்தைகளுக்குப் போகிறவர்கள் பழுப்பு நிற வெல்லமாகப் பார்த்து வாங்கலாம். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இவை பல நாள் கெடாது.

தீபாவளிக்கு வந்த மைசூர்பாகைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. நாள் கிழமையில் ஆளுக்கு ஒரு துண்டு பகிர்ந்து உண்டால் மனத்துக்கும் நிறைவு, உடம்புக்கும் கெடுதல் இல்லை. அது விருந்துப் பண்டம். அன்றாடம் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டியது சொந்தக் காட்டில் விளைந்த கடலையும் எள்ளும்தான். இந்த ஐப்பசியில் கடலை மூட்டையைத் தைக்கும்போது, விதைக் காய்க்குப் பக்கத்தில் வீட்டுக்கும் 32 கிலோவை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியை ஏலத்துக்கு ஏற்றுவதே புத்திசாலித்தனம்.